சிஸ்டம் சாரும் ஒரு சிவப்பு ராக்கெட்டும்

சிஸ்டம் சார் ஒரு மேஜைக்கு வந்துவிட்டால் முதலில் சொல்லும் வார்த்தை "எந்திரிங்க". வணக்கம் கிடையாது, என்ன ஆயிற்று என்ற விசாரிப்பு கிடையாது. உட்கார்ந்திருப்பவர் எழுந்து நிற்க வேண்டும். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து, அதன் உயரத்தைத் தன் வசதிக்கு இறக்கிக்கொண்டு, அடுத்தவர் கை பட்ட மவுஸைக் கைக்குட்டையால் துடைத்து, திரையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். திரையில் குடிநீர் இணைப்பு விண்ணப்பத்தின் பக்கம் பாதி வந்து நின்றிருக்கும். நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குப் பிறகுதான் அடுத்த வார்த்தை.

"என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல சார்."

"ஒண்ணும் பண்ணாம இது நிக்காது."

கல்யாண வயதில் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள்கூட அந்தக் கேள்விக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். எதையோ தொட்டிருப்போம், எதையோ அமுக்கியிருப்போம் என்று அவர்களே நம்பிவிடுவார்கள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் வரிசையில் நிற்கும் ஜனங்களும், இவர்தான் எதையோ கெடுத்துவிட்டார் போலிருக்கிறது என்று பார்ப்பார்கள். சிஸ்டம் சாருக்கு வேண்டியதும் அதுதான்.

வைத்தியம் எல்லா மேஜைக்கும் ஒன்றே. திறந்திருக்கும் டேப் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் மூடுவார். பிரவுசரில் சேர்ந்திருப்பதை எல்லாம் துடைப்பார், சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டு உட்பட. பிறகு மேஜைக்கு அடியில் குனிந்து நெட் கேபிளைப் பிடுங்கி, அதன் நுனியில் வாயால் ஊதி, திரும்பச் செருகுவார். கடைசியில் ரீஸ்டார்ட். மெஷின் விழித்து வரும்வரை பிரசங்கம் நடக்கும். "மெஷினும் மனுஷன் மாதிரிதாம்மா. பதமாப் பேசினாத்தான் கேக்கும்." பதமாகப் பேசுவதைப் பற்றி அவர் சொல்லும்போது நகல் எடுக்கும் ஜெராக்ஸ் அண்ணன் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமுவார்.

பக்கம் வந்துவிடும். மத்தியானம்வரை ஓடும். அப்புறம் திரும்பவும் வட்டம், திரும்பவும் "எந்திரிங்க".

இவர் எங்கே படித்து இந்தக் கலையைக் கற்றார் என்று கேட்டால், எங்கேயும் இல்லை. அவர் தபால் பிரிவில் உறை ஒட்டிக்கொண்டிருந்தவர். அந்தக் குடிநீர் வாரிய அலுவலகத்துக்கு முதல் முறையாகக் கம்ப்யூட்டர்கள் வந்தபோது எல்லாம் அட்டைப் பெட்டிகளில் வந்து இறங்கின. பெட்டியைப் பிரிக்க ஒரு கத்தி வேண்டும். கத்தி தபால் பிரிவில்தான் இருந்தது. கத்தியோடு வந்தவர் பெட்டியைப் பிரித்தார், பிரித்தவர் தூக்கி மேஜையில் வைத்தார், வைத்தவர் ஸ்விட்சைப் போட்டார். திரை வெளிச்சமானதும் அன்றைய மேனேஜர், "அட, உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்று கேட்டார். "தெரியும் சார்" என்று ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள், அதோடு அவர் வாழ்க்கை மாறியது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. பசை டப்பாவை வைத்துவிட்டு வந்தவருக்குத் தனி அறை, அதில் ஒரு போன், கதவில் 'அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது' என்று அவரே அச்சடித்து ஒட்டிய காகிதம், எல்லாம் வந்து சேர்ந்தன. மேனேஜர்கள் மாறினார்கள், மெஷின்கள் மாறின, காகிதம் மட்டும் மாறவில்லை.

வீட்டில் கதை வேறு. மின்விசிறி கரகரவென்று சத்தம் போட்டால் மனைவி பக்கத்து வீட்டுப் பையனைத்தான் கூப்பிடுவாள். "அது என் டிபார்ட்மெண்ட் இல்ல" என்பார் இவர். "உங்க டிபார்ட்மெண்ட்தான் எதுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல" என்பாள் அவள். ஆனால் சாப்பிடும்போது அலுவலகத்திலிருந்து போன் வந்துவிட்டால் போதும், மனிதர் எழுந்து ஜன்னல் பக்கம் போய், தெருவுக்கே கேட்கும்படி, "ஒண்ணையும் தொடாதீங்க! நான் வர்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாது!" என்று கத்துவார். அந்தப் போன்தான் அவருக்குச் சோறு. தட்டில் இருப்பது தொட்டுக்கொள்ள.

ஆகவே அவருக்கு உள்ளூர ஒரே ஒரு பயம் உண்டு. கூப்பிடாமல் போய்விடுவார்களோ என்ற பயம். கூப்பிட ஆளில்லை என்றால் அறை இல்லை, போன் இல்லை, திரும்பத் தபால் பிரிவுதான்.

கணக்கு மேடம் ஒருவர்தான் அவருக்கு மரியாதை தராதவர். 'எந்திரிங்க' என்றால் எழுவார், ஆனால் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்று அவர் விரல் போகும் இடத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். மேடத்தின் வேலையே அப்படி. இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை என்றால் எந்த வரியில் பிசகியது என்று தேடித் தேடிப் பழகிய கண். 'என்ன பண்ணீங்க?' என்ற கேள்விக்கும் அவர் பிசைந்துகொண்டு நிற்க மாட்டார். "உக்காந்தேன். அது தப்பா?" என்பார்.

ஒரு நாள் கவுண்டரில் நல்ல கூட்டம். முன்னால் நின்ற ஒரு பெரியவர், இணைப்புக்காகப் பல முறை அலைந்தவர், இன்றும் வட்டத்தைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கும் இல்லயா?" என்றார். சிஸ்டம் சார் திரும்பிப் பார்க்காமலே, "ஊருக்கே நெட் இல்ல பெரியவரே. எங்க கையில ஒண்ணும் இல்ல" என்றார். பெரியவர் கையிலிருந்த போனில் யாரோ கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள், ஒரு தடங்கலும் இல்லாமல். பெரியவர் போனைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், பையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

கணக்கு மேடத்துக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்: "சார், நீங்க வந்துட்டுப் போனா இது அரை நாள் ஓடுது. நீங்க லீவு போட்டா, நாங்களே அணைச்சுப் போட்டுக்கறோம், அப்பவும் அரை நாள் ஓடுது. அப்போ நடுவுல நீங்க எதுக்கு?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஜெராக்ஸ் அண்ணன் இருமக்கூட மறந்துபோனார். சிஸ்டம் சார் முகத்தில் ஈயாடவில்லை.

மேடம் அதோடு விடவில்லை. "இன்னொண்ணும் சொல்றேன் கேளுங்க. தெரியாம எதையோ அமுக்கினதுல ஒரு கறுப்பு ஜன்னல் வந்துச்சு. அதுல போட்டா இதே பக்கம் டக்குன்னு வருது. இதுல மட்டும் வரல. ஏன்?"

"அது பிரைவேட் ஜன்னல் மேடம். அதெல்லாம் ஆபீஸ்ல திறக்கவே கூடாது" என்று சொல்லி, பதில் சொல்லிவிட்டவர் போல எழுந்து நடந்தார்.

அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். உடம்பெல்லாம் எரிந்தது. இனி அந்த அம்மாள் முகத்தில் முழிப்பதில்லை என்று முடிவு செய்தார். ஆனால் மெஷின் நின்றால் கூப்பிடுவாளே, கூப்பிட்டால் போக வேண்டுமே, போனால் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நிற்பாளே. போகாமலிருக்க ஒரே வழி, அந்த ஒரு மெஷின் நிற்காமலிருக்க வேண்டும். தன் உத்தியோக காலத்திலேயே முதல் முறையாக, ஒரு பிரவுசர் ஏன் நிற்கிறது என்று சிஸ்டம் சார் தேடிப் பார்க்க உட்கார்ந்தார்.

தேட வெகு நேரம் ஆகவில்லை. எந்த ஊரிலோ எவனோ எழுதி வைத்திருந்தான்: சாதாரண ஜன்னலில் வராத பக்கம் பிரைவேட் ஜன்னலில் வருகிறதென்றால், பிரவுசரோடு ஒட்டவைத்திருக்கும் ஏதாவது எக்ஸ்டென்ஷன்தான் குற்றவாளி. ஒட்டுச் சரக்கெல்லாம் பிரைவேட் ஜன்னலில் பொதுவாக வேலை செய்யாது. ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்.

ஒவ்வொன்றாக எடுக்க அங்கே என்ன இருந்தது? ஒன்றே ஒன்று. பிரவுசரின் மேல்மூலையில், மிளகு அளவில், ஒரு சிவப்பு ராக்கெட். 'பூஸ்டர்'. போட்டால் இணையம் பறக்கும் என்று எங்கோ விளம்பரத்தில் பார்த்து, இவரே கொண்டுவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து, அலுவலகத்து மெஷின் எல்லாவற்றிலும் போட்டது. யாரும் எடுத்துவிடக் கூடாது என்று தன் பாஸ்வேர்டால் பூட்டும் போட்டிருந்தார். "சார் ராக்கெட் விட்டிருக்கார்" என்று அப்போது எல்லோரும் மெச்சினார்கள். யோசித்துப் பார்த்தால், பிரவுசர் நிற்க ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான்.

மறுநாள் மேடம் சாப்பிடப் போன நேரம் பார்த்து, பூனை மாதிரி போய் அவர் மெஷினில் உட்கார்ந்தார். பாஸ்வேர்டைப் போட்டு ராக்கெட்டை எடுத்தார். அதுவரை சுற்றிக்கொண்டிருந்த பக்கம், ரீலோடு கொடுத்துக் கையை எடுப்பதற்குள் வந்து நின்றது. வேறு பக்கம் திறந்தார், வந்தது. இன்னொன்று, வந்தது. ஒரு வேலை சரியாக முடிந்தால் மனிதருக்குச் சந்தோஷம் வர வேண்டும். இவருக்கு வியர்த்தது.

அப்புறம் அறையில் உட்கார்ந்து யோசித்தார். மற்ற மெஷின்களில் ராக்கெட் இருக்கிறது. எடுத்தால் எல்லாம் ஓடும். எல்லாம் ஓடினால்? மேஜைமேல் போன் சும்மா கிடந்தது. அதைப் பார்த்ததுமே கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. எடுக்கவில்லை. தன் மெஷினிலும் அப்படியே விட்டுவைத்தார், நாளை யாராவது தன்னை நோக்கி விரல் நீட்டினால், 'என்னுதுலயும்தான் இருக்கு, பாருங்க' என்று காட்டலாமே. ராக்கெட்டைப் போட்டது தெரியாமல் செய்த முட்டாள்தனம், அதை மன்னிக்கலாம். தெரிந்த பிறகு அவர் செய்தது பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை. அதை மன்னிக்க எனக்கு மனசில்லை.

சில வாரங்கள் அவருக்கு நல்ல காலம். எல்லா மேஜையிலும் 'எந்திரிங்க'. கணக்கு மேடத்தின் மேஜையை மட்டும் தலையைத் திருப்பிக்கொண்டு கடப்பார். மேடமும் கூப்பிடவில்லை. தன் வாய்க்குப் பயந்துவிட்டார் என்று அந்த அம்மாள் நினைத்தார். தன்னைக் கண்டு பயந்துவிட்டாள் என்று இவர் நினைத்தார்.

ஆனால் ஓடுகிற மெஷினை ஒளித்துவைக்க முடியுமா? முதலில் டைப்பிஸ்ட் பெண் வந்தாள். "அக்கா, ஒரே ஒரு பக்கம் பார்த்துக்கறேன், என்னுது சுத்துது." அப்புறம் கவுண்டர்காரர். அப்புறம் ஜெராக்ஸ் அண்ணன், அவருக்கு எந்தப் பக்கமும் பார்க்க வேண்டிய வேலை இல்லை, கூட்டம் இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக. கடைசியில் மேனேஜரே தலைமை அலுவலக அறிக்கையைத் தூக்கிக்கொண்டு வந்து, "மேடம், என் ரூம்ல மெஷின் உக்காந்த இடத்துலயே உறைஞ்சு போயிடுது. ஒரு பத்து நிமிஷம் தரீங்களா?" என்றார். பத்து நிமிஷம் மத்தியானமாயிற்று. கணக்கு மேடம் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே கணக்குப் பார்த்தார்.

மனுஷிக்கு எரிச்சல் வந்துவிட்டது. தன் மெஷின் மட்டும் ஏன் ஓடுகிறது? டைப்பிஸ்ட் பெண்ணின் மேஜைக்குப் போய் அவள் திரையைப் பார்த்தார். திரும்பி வந்து தன் திரையைப் பார்த்தார். மறுபடி போனார். இரண்டு பக்கக் கணக்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிற மாதிரி, மேல்மூலையிலிருந்து வரி வரியாக. முதல் வரியிலேயே பிசகு கிடைத்துவிட்டது.

"இந்த சிவப்பு ராக்கெட் என்னுதுல இல்லயே" என்றார்.

"என்னுதுல இருக்கு" என்றாள் டைப்பிஸ்ட் பெண். "என்னுதுலயும்" என்றார் கவுண்டர்காரர். மேனேஜர் தன் அறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இருக்கு" என்றார். டைப்பிஸ்ட் பெண் அதை எடுக்கப் பார்த்தாள், பாஸ்வேர்டு கேட்டது. அந்தப் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று அங்கே யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

சிஸ்டம் சாரைக் கூப்பிட்டார்கள். போன் மணி அடித்ததும் அவர் வழக்கமான நடையில், கைக்குட்டையை உதறிக்கொண்டே வந்தார். வந்து பார்த்தால் மொத்த அலுவலகமும் கணக்கு மேடத்தின் மேஜையைச் சுற்றி நிற்கிறது. 'எந்திரிங்க' சொல்ல யாருமே உட்கார்ந்திருக்கவில்லை.

"சார், மேடம் மெஷின்ல நீங்க என்ன பண்ணீங்க?" என்று மேனேஜர் கேட்டார்.

"நானா? ஒண்ணும் பண்ணல சார்."

"ஒண்ணும் பண்ணாம இது ஓடாது" என்றார் கணக்கு மேடம்.

அந்த வாக்கியத்தை அதே இழுவையோடு அவர் சொன்னதில் டைப்பிஸ்ட் பெண் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிஸ்டம் சார் எதையோ ஆரம்பித்தார். "சோதனைக்காக ஒரு மெஷின்ல மட்டும், படிப்படியா, பின்விளைவு எப்படின்னு..." என்று வார்த்தைகள் வந்தன, ஒன்றோடொன்று ஒட்டவில்லை. பசை போதவில்லை.

மேடம் நிதானமாக யோசித்துச் சொன்னார். "அன்னிக்கு வரிசை முன்னாடி நான் உங்கள ஒரு வார்த்தை கேட்டேன். அதுக்கப்புறம் நீங்க என் பக்கமே வரல. என் மெஷினும் நிக்கல. அப்போ என் மூஞ்சியப் பார்க்கப் பிடிக்காமத்தான் இத ஒழுங்கா ரிப்பேர் பண்ணியிருக்கீங்க. அப்படித்தானே?"

அவர் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதைவிடத் தெளிவான பதில் ஒன்று இருக்க முடியாது.

ஜெராக்ஸ் அண்ணன்தான் முதலில் வாய் திறந்தார். "அடடா, இது தெரியாமப் போச்சே! சார், நானும் மனசுக்குள்ள உங்கள எவ்வளவோ திட்டியிருக்கேன். சத்தமா சொல்லலங்கறதுக்காக எங்க மெஷின இப்படி விட்டுட்டீங்களே."

"சார், எங்களையும் கொஞ்சம் வெறுத்துடுங்க சார்" என்றாள் டைப்பிஸ்ட் பெண்.

சிரிப்பு அடங்கவே இல்லை. மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குப் பல முறை அலைந்த அந்தப் பெரியவர் ஞாபகம் வந்திருக்க வேண்டும், "வரிசையில நின்னு நின்னு திரும்பிப் போனவங்களுக்கு யார் சார் பதில் சொல்றது?" என்று கேட்டார்.

அன்று சாயந்திரத்துக்குள் சிஸ்டம் சார் மேஜை மேஜையாகப் போய் ராக்கெட்டுகளை எடுத்தார். எல்லோரும் உட்கார்ந்தபடியே மெஷினை அவர் பக்கம் திருப்பி வைத்தார்கள், அவர் நின்றுகொண்டே வேலை செய்தார். ஒவ்வொன்றும் எடுத்த கையோடு ஓடியது. ஒருவர்கூட நன்றி சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

பிறகு போன் அடிக்கவே இல்லை. இரண்டு நாள் அவரே ஒவ்வொரு மேஜையாக வந்து, "எல்லாம் ஓடுதா?" என்று கேட்டுப் பார்த்தார். "ஓடுது சார்" என்றார்கள், தலையைத் தூக்காமலே. வீட்டில் தட்டின் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு மெதுவாகச் சாப்பிட்டார். "போன் ரிப்பேரா?" என்று மனைவி கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு" என்றார். "அப்போ ஆபீஸ்ல எல்லாம் சரியாயிடுச்சு போல. நல்லதுதானே" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள். அவர் போனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, திரும்பத் தட்டின் பக்கத்திலேயே வைத்தார்.

மேனேஜர் அவரைத் திட்டவில்லை, மேலே எழுதிப் போடவும் இல்லை. "தபால்ல ஆள் குறையுது சார். உங்களுக்குப் பழகின இடம்தானே" என்றார், அவ்வளவுதான். எல்லா மெஷினுக்கும் பொதுவான பாஸ்வேர்டை மாற்றிக் கணக்கு மேடத்திடம் கொடுத்தார்கள், ஏதாவது என்றால் அவர் பார்த்துக்கொள்வார் என்று. சாரின் அறையில் ஜெராக்ஸ் காகிதக் கட்டுகளை அடுக்கினார்கள். கதவில் ஒட்டிய எச்சரிக்கையை ஜெராக்ஸ் அண்ணன் கிழிக்கவில்லை. காகிதக் கட்டுக்கு அது பொருத்தமாகத்தான் இருக்கிறது என்றார். சிஸ்டம் சார் தன் பழைய மெஷினைத் தானே தூக்கிக்கொண்டு போய்த் தபால் பிரிவில் வைத்துக்கொண்டார்.

இப்போது தபாலையும் இணையத்தில் பதிந்துதான் அனுப்ப வேண்டும். முதல் நாளே பக்கம் பாதியில் நின்றது. மேல்மூலையில் சிவப்பு ராக்கெட், யாரிடமாவது காட்டலாம் என்று விட்டுவைத்து, மற்றதையெல்லாம் எடுத்த அன்று எடுக்க மறந்தது, அப்படியே இருந்தது. அவருக்கு அது தெரியும். எடுக்கப் போனார், பாஸ்வேர்டு கேட்டது. பழையதைப் போட்டார், ஒப்புக்கொள்ளவில்லை. டேப் எல்லாவற்றையும் மூடினார். சேர்ந்ததைத் துடைத்தார். கேபிளைப் பிடுங்கி, ஊதி, செருகினார். ரீஸ்டார்ட் செய்தார். கொஞ்ச நேரம் ஓடியது, திரும்ப வட்டம். அன்று முழுக்க அப்படியே ஓட்டினார். மறுநாள், அனுப்ப வேண்டிய உறைகள் மேஜை நிறைந்து, கீழே இறங்கி, கதவுவரை வந்துவிட்டன. வேறு வழியில்லாமல் போனை எடுத்தார்.

கணக்கு மேடம் வந்தார். மேஜைக்குப் பக்கத்தில் நின்றார்.

"எந்திரிங்க" என்றார்.

சிஸ்டம் சார் எழுந்தார். மேடம் உட்கார்ந்து, நாற்காலியின் உயரத்தைத் தன் வசதிக்கு ஏற்றிக்கொண்டார். திரையைப் பார்த்தார். மேல்மூலையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்.

"என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல மேடம்."

அந்த அலுவலகத்தில் எத்தனையோ பேர் கையைப் பிசைந்துகொண்டு அவரிடம் சொன்ன வாக்கியம்தான் அது. அவர்கள் எல்லோரும் உண்மையைத்தான் சொன்னார்கள். பொய்யாகச் சொன்னது அவர் ஒருவர்தான்.